உன் பஸ் பக்கமும் என் அம்மாவும்

இன்று நம் கம்ப்யூட்டர் லேபுக்குப் புது மவுஸ் வந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு பெட்டி நிறைய. மிஸ் பிளேடால் பெட்டியைக் கிழித்ததும், புது ரப்பர் செருப்பைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. எல்லோரும் மேசையை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அடியே, தள்ளாதீங்க. இந்தத் தடவை யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். 'அ'வுலருந்து 'ஹ' வரைக்கும் எல்லாருக்கும் உண்டு" என்றார் மிஸ். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். 'ஹ'வில் தொடங்கும் பெயர் நம் வகுப்பில் உன்னுடையது ஒன்றுதான். எல்லோரும் கடைசி மேசையைப் பார்த்தோம். அதன்மேல் யாரோ குடையை விரித்துக் காயவைத்திருந்தார்கள்.

என் கைக்கு வந்த மவுஸை நான் உறையிலிருந்து எடுக்கவில்லை. ஏன் என்று உனக்கு எழுதவேண்டும் போல இருக்கிறது. உனக்கு எழுத வேண்டியது வேறு ஒன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

போன வருடம் பழைய மவுஸ்கள் மிஸ்ஸின் பீரோவில் பூட்டிக் கிடக்கும். பாதிக்கு மேல் வேலை செய்யாது. நல்லதாகப் பார்த்து எடுத்து, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி கொடுப்பார். நான் 'அ'. எனக்கு எப்போதும் முதல் மவுஸ். உன்னிடம் வருவதற்குள் பீரோ காலியாகிவிடும். எத்தனையோ பேர் இதற்காகச் சண்டை போட்டார்கள். நீ போடவில்லை. கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டு, டேப் பொத்தானைத் தட்டித் தட்டியே ஒரு வெப்சைட் பக்கம் முழுக்கப் போய்வந்தாய். ஒரு தட்டு, அடுத்த இணைப்பு. இன்னொரு தட்டு, அடுத்த பட்டன். நாங்கள் மவுஸைத் தேய்த்து அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்கும்போது நீ வேலையை முடித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாய்.

ஒருநாள் நான் பெரிய மனதுடன் என் மவுஸை உன்னிடம் நீட்டினேன்.

"வேணாம்டி. அது வந்தா என் கை சோம்பேறி ஆயிரும்" என்றாய்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. கொடுத்தவள் என்ற பெருமையைக்கூட நீ எனக்கு விட்டுவைக்கவில்லையே என்று அன்றைக்கு முழுக்கப் பொருமினேன். உன்மேல் எனக்கு வந்த முதல் பொறாமை அதுதான் என்று நினைக்கிறேன். வகுப்பில் முதல் மதிப்பெண் என்னுடையது, நூலகத்தில் அதிகப் புத்தகம் எடுத்தவள் நான், எனக்கு எதற்குப் பொறாமை என்று எனக்கே புரியவில்லை.

பிறகு பள்ளிக் கண்காட்சி வந்தது. ஆளுக்கொரு வெப்சைட் செய்ய வேண்டும், நம் வட்டாரத்தைப் பற்றி எதுவானாலும் சரி என்றார் மிஸ். நான் குன்றாண்டார்கோவில் குடைவரையை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து வந்தேன். கல் தேரை இழுத்துக்கொண்டு பாய்கிற கல் குதிரைகளை மட்டும் இருபது படம். அம்புக்குறியைப் படத்தின்மேல் கொண்டுபோனால் படம் பெரிதாகும், பின்னால் நிறம் மாறும், கதை எழுந்து வரும். டேப் தட்டினால் நிற்கிற பட்டனைச் சுற்றிப் பிரவுசர் தானாகவே ஒரு நீலக் கோடு போடும் இல்லையா, அது அசிங்கமாகத் தெரிந்தது. ஒரு வரி எழுதி அதை அழித்துவிட்டேன். எனக்கு அந்த வரியைக் கண்டுபிடித்ததில் பெரிய கர்வம்.

நீ வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாய். மவுஸைத் தொடாமல் டேப் பொத்தானைத் தட்டினாய். நாலு தட்டு. ஐந்தாவது தட்டு. திரையில் ஒன்றுமே நடக்கவில்லை.

"எங்கடி நிக்கிறேன் நான்? அந்த நீலக் கோட்டைக் காணோமே!"

"அசிங்கமா இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"அது எனக்குக் கைத்தடி மாதிரிடி. அதப் போய் எடுத்துப்புட்ட! ஒன் பக்கம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு போ. சீரியல் லைட்டு போட்ட அளவுக்கு, வாசலு எங்கிட்டு இருக்குன்னு யோசிக்கல."

பக்கத்து மேசைகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை.

நீ செய்தது கீரனூர் பஸ் நேரம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே ஒரு பெரிய பட்டன்: "அடுத்த பஸ் எது?" அதை அழுத்தினால் திருச்சிக்கு அடுத்து வருகிற பஸ், அது ஊருக்குள் வருமா அல்லது பைபாஸிலேயே போய்விடுமா, பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் நிற்கும் என்று மூன்று வரி வரும். படம் கிடையாது. நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: இது ஒரு வெப்சைட்டா, ரேஷன் கடைப் பலகை மாதிரி இருக்கிறது.

மிஸ் முதல் பரிசை எனக்குத்தான் கொடுத்தார். அதோடு முடிந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன்.

என் அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கே நேராகிறது. எனக்கு மூன்று வயதாகும்போது அம்மாவுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா திருச்சியில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போகிறாள். ஒரு வாரம் காலை வேலை, மறுவாரம் மதிய வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து காலை வேலை வாரமெல்லாம் அவளைப் பஸ் ஏற்றிவிடுவது நான்தான். பஸ் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துச் சொன்னால்தான் அவள் ஏறுவாள். "என் மக சொன்னா கரெக்டா இருக்கும்" என்று கண்டக்டர்களிடம் சொல்வாள். அந்தச் சொல்லுக்காகவே நான் விடியற்காலையில் எழுந்துவிடுவேன். மதிய வேலை வாரத்தில் யாரிடமாவது கேட்டுக் கேட்டு ஏறிப் போவாள், சில நாள் பைபாஸ் பஸ்ஸில் தவறி ஏறித் திரும்புவாள். மாலையில் அதை என்னிடம் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். நான் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று.

பரிசு வாங்கிய வாரச் சனிக்கிழமை நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். என் பக்கத்தை அம்மாவுக்குக் காட்டப்போகிறேன் என்று நான்தான் பெருமையாகக் கூப்பிட்டேன். அம்மாவின் ஃபோன் திரையில் இருப்பதை வாயால் படிக்கும் என்பது உனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு ஏழு வருடமாகத் தெரியும். அம்மா விரலை நகர்த்தினாள். ஃபோன் சொன்னது: "படம். படம். படம்." எல்லாப் படத்துக்கும் விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் நான் "படம்" என்றே எழுதியிருந்தேன். கதையெல்லாம் அம்பு மேலே போனால்தான் எழும். விரலுக்கு அது எழவே இல்லை.

"என்ன ஆத்தா, அம்மாகிட்டயே படம் காட்டுறியா?" என்று அம்மா சிரித்தாள். நான் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன்.

அப்புறம் அம்மா ஃபோனைத் திரும்ப வாங்கி உன் பக்கத்தைத் திறந்தாள். ஃபோன் தலைப்பைச் சொன்னது, "அடுத்த பஸ் எது, பட்டன்" என்றது. அம்மா அழுத்தினாள். திரையில் மூன்று வரியும் வந்துவிட்டன. ஃபோன் மட்டும் வாயே திறக்கவில்லை. அம்மா மறுபடி அழுத்தினாள். மறுபடி மௌனம்.

எனக்குள் ஒரு குதூகலம் வந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். உன்னுடையதும் தோற்றுவிட்டது!

நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். பையிலிருந்து நோட்டை எடுத்தாய்.

"அம்மா, அழுத்துன ஒடனே ஒங்களுக்கு என்ன கேக்கணும்?"

"நேரத்த மொதல்ல சொல்லணும் பாப்பா. மத்ததெல்லாம் பொறவு. பஸ் வந்து நின்னப்புறம் பேரு சொல்லி என்ன செய்ய?"

"எந்தப் பக்கம் நிக்கும்னு சொன்னா ஒங்களுக்குப் புரியுமா? வடக்கு, தெற்குன்னு போட்டிருக்கேன்."

"வடக்கு தெற்கெல்லாம் எனக்கு எதுக்கு? டீக்கடைப் பக்கம், பூக்கடைப் பக்கம்னு போடு. பால் கொதிக்கிற வாசம் வந்தா டீக்கடை. மல்லி வாசம் வந்தா பூக்கடை."

ஒரு மணி நேரம் கேட்டாய். நீ என் அம்மாவை "அம்மா" என்றே கூப்பிட்டாய். அவளும் "சொல்லு பாப்பா" என்றாள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். மல்லி வாசத்தை வைத்து அம்மா இடம் கண்டுபிடிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கையைப் பிடித்து நடத்திப் போயிருக்கிறேன். ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை உன் பக்கம் பேசியது. வரிகள் மாறினால் அதை வாய்விட்டுப் படி என்று ஃபோனுக்குச் சொல்லும் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாய். ஒரே ஒரு சொல்! என் இருபது குதிரைகளையும் அந்த ஒரு சொல் குப்புறத் தள்ளிவிட்டது.

அடுத்த காலை வேலை வாரத்தில் அம்மா சொன்னாள்: "நீ படுத்துக்க ஆத்தா. நான் போயிக்கிறேன். அதான் போன் சொல்லுதுல்ல." கைத்தடியைத் தட்டிக்கொண்டு தெருவில் தனியாகப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அந்தத் துள்ளலை நான் கூடப் போன ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று லேபில் உன்னிடம் சண்டை போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? "ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா? ஒங்க அம்மாவுக்கு ஏதாச்சும் செஞ்சு குடுக்க வேண்டியதுதானே!" என்றேன். நீ கீபோர்டைத் தள்ளி வைத்தாய்.

"எங்க அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராதுடி. எங்க அத்தா சார்ஜாவுலருந்து போன்ல என்ன எழுதி அனுப்புனாலும் நான்தான் படிச்சுச் சொல்லணும். புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கிறதுக்கு நடுவுல நான் எதுக்கு? அதுக்குத்தான் இதெல்லாம் கத்துக்கிட்டு இருக்கேன். ஒங்க அம்மா போன் பேசும்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல."

நான் நடுவில் இருப்பதற்காகச் சண்டை போட்டேன். நீ நடுவிலிருந்து விலகிப் போவதற்காகப் படித்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு இதை நான் யோசிக்கவில்லை. ஒரு வாரம் உன்னிடம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பேச ஆரம்பித்தபோது உனக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. பள்ளிக்கு வந்த கடைசி நாள், நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாய். பக்கத்தைத் திருத்துவதற்கான பாஸ்வேர்டு. "காச்சல் விடுற வரைக்கும் நீ பாத்துக்கடி. பஸ் நேரம் மாறுச்சுன்னா மாத்திரு. ஒங்க அம்மா தப்பான பஸ்ல ஏறிறப் போறாங்க." அவ்வளவு பேர் இருக்க, பொறாமைப்பட்டு உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவளிடம் ஏன் கொடுத்தாய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காய்ச்சல் விடவில்லை. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து திருச்சிக்கு. உன் அத்தா சார்ஜாவிலிருந்து வந்து உன் முகத்தைப் பார்க்கும்வரை உன்னை வைத்திருந்தார்கள். அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது நாங்கள் எல்லோரும் உன் வீட்டு வாசலோடு நின்றுகொண்டோம். அந்தத் தாள் அப்போதும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

இப்போது எழுத வேண்டியதற்கு வந்துவிட்டேன்.

இந்த வருடம் பள்ளி திறந்த சில நாட்களில் பஸ் நேரமெல்லாம் மாறியது. காலை பஸ்களில் ஒன்று நின்றுபோனது, ஒன்று பைபாஸுக்குப் போனது, டீக்கடைப் பக்கம் நின்றது பூக்கடைப் பக்கம் வந்தது. எனக்கு முதல் நாளே தெரியும். பஸ் ஸ்டாண்டில் பலகையை மாற்றும்போது நான் பார்த்தேன். அன்றே லேபில் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

நான் மாற்றவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்புவாய். ஆனால் மறக்கவில்லை. தாள் என் பாக்ஸில்தான் இருந்தது. மறுநாள் காலை ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். "போன் சொல்றது தப்பா இருக்கு ஆத்தா. கொஞ்சம் கூட வாரியா?" என்றாள். எனக்கு அது எப்படி இருந்தது தெரியுமா? பையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அம்மாவின் கை மறுபடி என் முழங்கையைப் பிடித்தது. பலகையைப் படித்துச் சொன்னேன். கண்டக்டரிடம் அம்மா, "என் மக சொன்னா கரெக்டா இருக்கும்" என்றாள். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். மூன்று நாள். மூன்று நாளும் முதல் பீரியடுக்குப் பிந்திப் போய், வாசலில் நின்றேன். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நீ இல்லை, உன் பக்கமும் பேசி முடித்துவிட்டது, அம்மா என்னிடம் திரும்பிவிட்டாள். அப்படித்தான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

உன் பக்கத்தின் அடியில் "தவறு இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு பெட்டி வைத்திருந்தாய் அல்லவா? அதில் எழுதுவது நீ கொடுத்த தாளில் இருந்த மெயிலுக்கு வரும். நாலாம் நாள் லேபில் அதைத் திறந்தேன். ஒரே ஒரு கடிதம் இருந்தது. ஃபோனிடம் வாயால் சொல்லி எழுதியது. புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை.

"யாரு பாக்குறீங்களோ தெரியல இந்தப் பக்கத்தச் செஞ்ச புள்ள இப்ப இல்ல காலையில பஸ்ஸெல்லாம் மாறிப்போச்சு முடிஞ்சா மாத்தி விடுங்க என் மகளக் கூப்பிட்டா வந்துருவா ஆனா என்னால மூணு நாளா இஸ்கூல் வாசல்ல நிக்கிறா அவ சொல்லல பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லுச்சு அவ பன்னெண்டாவது படிக்கிறா எனக்காக அவ நிக்கக் கூடாது"

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உன்னைப் போலவே நோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். டைம் கீப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னம்மா, முக்காடு போட்ட புள்ள ஒண்ணு இதே மாதிரி நோட்டோட வந்து உசுர எடுக்கும். இப்ப நீயா? அந்தப் புள்ள எங்க, பரீச்சையா?" என்றார். நான் சொன்னேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு பஸ்ஸாக விரல் வைத்துச் சொன்னார்.

மறுநாள் லேபில் உன் மேசையில் உட்கார்ந்தேன். டேப் பொத்தானைத் தட்டித்தான் உன் பக்கத்துக்குள் போனேன். நீலக் கோடு ஒவ்வொரு இடமாகத் தாவி எனக்கு முன்னால் போனது. நீ எதையும் அலங்கரிக்கவில்லை, எதையும் விட்டுவிடவும் இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் வைத்திருந்தாய். தலைப்புகள் படிப்படியாக இறங்கின. ஒன்றை உனக்கு மறக்காமல் சொல்ல வேண்டும்: எனக்கு உன்னைவிட அழகாகச் செய்யத் தெரியும். அந்த வெள்ளைப் பின்னணியை மாற்றக் கை துடித்தது. நேரங்களை மட்டும் மாற்றிவிட்டு எழுந்தேன்.

அதற்கடுத்த காலை அம்மா ஃபோனைக் கேட்டாள், மறுபடி ஒருமுறை கேட்டாள். "யாரோ மாத்தியிருக்காக" என்றாள். என் பக்கம் முகத்தைத் திருப்பாமல்தான் சொன்னாள். அந்தப் பெட்டியைத் திறப்பவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா? நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "நீ படி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டாள்.

இன்று மிஸ் என்னைக் கேட்டார், "என்னடி, மவுஸ மாட்டலையா?" வேண்டாம் மிஸ், பிறகு மாட்டிக்கொள்கிறேன் என்றேன். இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் முதலில் டேப் தட்டிப் பார்க்கிறேன். வழி தெரிகிறதா, வாசல் எங்கிட்டு இருக்கிறது என்று. என் குதிரைகளின் பக்கத்தையும் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "படம்" என்று எழுதிய இருபது இடத்திலும் அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். குதிரையின் கால் எப்படித் தூக்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம். குளம்பு தேய்ந்திருக்கிறதா என்றும் கேட்கிறாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவர வேண்டும். உன் அம்மாவிடமும் போனேன். உன் அத்தா அனுப்புவதை ஃபோனே படிக்கும்படி செய்து கொடுத்தேன். அது நீ செய்ய வேண்டியது. அதில் எனக்குப் பெருமை வேண்டாம்.

பொறாமை போய்விட்டது என்று எழுதி முடிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை. உன் பக்கத்தின் கடைசி வரியில் நீ உன் பெயரை எழுதி, பதினொன்றாம் வகுப்பு என்று போட்டிருக்கிறாய். நான் பன்னிரண்டுக்கு வந்துவிட்டேன். நீ அங்கே பதினொன்றிலேயே இருக்கிறாய். அம்மா பஸ் நேரத்தைக் கேட்டதும் ஃபோனை நிறுத்திவிடலாம். நிறுத்துவதில்லை. விரலை அடிவரைக்கும் நகர்த்திக்கொண்டே போகிறாள். எங்கள் அடுப்படியில் தினமும் காலையில், கடைசி வரியாக, உன் பெயர் சத்தமாக ஒலிக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் அவள் செருப்பைப் போட்டுக்கொள்கிறாள்.

நான் உள்ளறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரி வரும்வரை படிக்காமல் காத்திருக்கிறேன்.